பீரோவுக்குள் குடிவந்தவர்கள்

ஏற்காட்டுக்கு மழைக்கோட்டு எடுத்துவர மறந்தவர்களை நம்பித்தான் ஷேக் தாவூதின் குடும்பம் மூன்று வேளையும் சாப்பிட்டது. சேலத்தில் பஸ் ஏறும்போது வெயில் மண்டையைப் பிளக்கும். அந்த வெயிலில் மழையை நினைக்க யாருக்குத் தோன்றும்? கொண்டை ஊசி வளைவுகளை எல்லாம் சுற்றி மேலே வந்து இறங்கினால் சாரல் முகத்தில் அடிக்கும். இறங்கியவர் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு எதிரில் இருக்கும் கடைக்கு ஓடுவார். அங்கே மஞ்சள், நீலம், ரோஸ் என்று பிளாஸ்டிக் கோட்டுகளைக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டு, ஷேக் தாவூத் புதுமாப்பிள்ளையை வரவேற்பது போல வரவேற்பார்.

அவர் மகள் தஸ்லீமாவின் கதை அந்தக் கோட்டுகள் போய்ச் சேர்கிற இடத்தில் தொடங்குகிறது. காலையில் வாங்கிய கோட்டு மதியம் அக்குளில் கிழியும். சாயங்காலம் ஏரிக்கரையில் கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒரு நாள், மஞ்சள் கோட்டின் தலைப்பகுதியை ஒரு மாடு வெற்றிலை மெல்வது போல மென்றுகொண்டிருந்ததைத் தஸ்லீமா பார்த்தாள். பிடித்து இழுத்தாள். மாடும் விடவில்லை, அவளும் விடவில்லை. கடைசியில் மாடு தோற்றது. அன்றிலிருந்து அத்தா காலையில் விற்றதை மகள் மாலையில் பொறுக்கினாள். கடைவீதியில் சும்மா இருப்பார்களா? "ஏனுங்க பாய், மடிச்சு வெச்சு நாளைக்கும் அதையே வித்துரலாமுங்களே," என்றார்கள். ஷேக் தாவூதும் சிரித்துவிட்டு, "நொம்ப அழுக்காயிருதுங்க, இல்லாட்டி யோசிக்கலாம்," என்று பதில் சொல்வார். மகளை ஒரு வார்த்தை திட்டியதில்லை. கோட்டு விற்பதையும் நிறுத்தியதில்லை.

வளர்ந்து திருப்பூருக்குப் போனாள். ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் குறை பார்க்கும் வேலை. எந்தத் துணி எத்தனை சலவைக்குத் தாங்கும், எந்த நூல் மழையில் ஊறி இற்றுப்போகும் என்பதெல்லாம் விரல் நுனிக்கு வந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. தண்ணீர் ஒட்டாமல் இருக்க மழைத்துணியில் எதையெதையோ பூசுகிறார்கள். பூசியது போக மிச்சம் சாக்கடையில் போகிறது. அந்தச் சாக்கடை வாய்க்காலில் சேர்கிறது. மலை ஏறுகிறவன் நனையாமல் இருக்க ஆற்றங்கரைக்காரன் ஏன் தண்ணீர் கெட்டுத் தவிக்க வேண்டும் என்று கேட்டாள். சூப்பர்வைசர், "அது உன் டிபார்ட்மெண்ட் இல்லம்மா," என்றார். வேலையை விட்டுவிட்டு மலைக்கு வந்துவிட்டாள்.

கணவர் சாதிக் பாஷா சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் வேன் ஓட்டுகிறவர். மனைவி எதைச் சொன்னாலும் "சரிம்மா" என்பார். அவளுடைய கம்பெனியில் போட்ட முதல் முதலீடு அந்தச் "சரிம்மா"தான்.

கம்பெனிக்குப் பெயர் கொங்காடை. காப்பித் தோட்டத்தில் மழைக்குச் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் திணித்து, தலையும் முதுகும் மூடுகிற மாதிரி போட்டுக்கொள்வார்களே, அதுதான் கொங்காடை. அந்த வடிவத்திலேயே கெட்டிப் பருத்தித் துணியில் கோட்டு தைத்தாள். உள்ளே முதுகுப்பையே மாட்டிக்கொள்ளலாம், அத்தனை தாராளம். பூச்சுக்குத் தேன்மெழுகு. உருக்கிய மெழுகில் கொஞ்சம் எண்ணெய் சேர்த்துக் கட்டியாக்கி, அதைத் துணியில் தேய்த்து, மேலே சூடான இஸ்திரிப் பெட்டியை ஓட்டினால் மெழுகு நூலுக்குள் இறங்கிவிடும். பிறகு எத்தனை மழை பெய்தாலும் சேப்பங்கிழங்கு இலையில் உருள்வது போல உருண்டு விழும். எப்போது கிழிந்தாலும் கொண்டுவந்தால் இலவசமாகத் தைத்துக் கொடுப்பாள். கழுத்துப் பட்டியில், 'இந்த மலைக்குத் தீங்கு செய்யாமல் தைத்தது' என்று ஒரு வரி. அந்த வரியைக் காட்டிக் காட்டியே விற்றாள், விற்ற வரைக்கும்.

விற்ற வரைக்கும் என்பதில்தான் சங்கடம். மலை ஏறுகிறவர்கள் ஒருவர் இருவராக வந்து வாங்கினார்கள். வாங்கியவர்கள் மறுபடி வரவில்லை, கோட்டு கிழிந்தால்தானே வருவார்கள். செம்மநத்தத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிற புஷ்பலதாவும் அவளோடு வரும் பெண்களும் பாதி நாள் மெஷினை மூடிவைத்துவிட்டு ஊர்க்கதை பேசினார்கள். ஷேக் தாவூத் கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில், ஒரு பிரம்பு நாற்காலியைத் தினமும் துடைத்து வைத்திருந்தார். அதில் யாரும் உட்காரக் கூடாது. அது மகளுக்கு. "இந்த வருசம் பெரிய ஆர்டர் ஒண்ணு வந்து நின்னுச்சுன்னா நீ சொல்றது சரி. இல்லாட்டி அத்தா சொல்றது சரி. கடைக்கு வந்துரு கண்ணு," என்றார். தஸ்லீமா ஒப்புக்கொண்டாள். அதன் பிறகு கடைக்கு வந்தால் அந்த நாற்காலிக்கு முதுகைக் காட்டியே நிற்பாள்.

தை மாதம் ஹரிஹரன் வந்தார். பெங்களூரில் மலையேற்றச் சாமான் கடை வைத்திருப்பவர். கோட்டை முகர்ந்தார், இழுத்தார், குழாயடியில் பிடித்தார். "மேடம், இந்த மாதிரி இயற்கைன்னு சொல்லி என்னை ரெண்டு பேர் ஏமாத்தியாச்சு. என் கஸ்டமர் கேள்வி கேக்கறவங்க. லேப் சர்டிபிகேட் இருக்கா?" என்றார். அவளிடம் இல்லை. அதற்கு ஆகிற செலவில் இரண்டு மெஷின் வாங்கலாம். ஹரிஹரன், பெண்கள் மெழுகு தேய்ப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு, "சரி. உங்க வார்த்தையை எடுத்துக்கறேன்," என்று பெரிய ஆர்டராகவே கொடுத்தார். சித்திரை பிறந்ததும் சரக்கு கிளம்ப வேண்டும்; மழைக்காலத்துக்கு முன் கடையில் தொங்க வேண்டும்.

பட்டறையில் அன்றைக்குப் பாயசம் வைத்தார்கள். பாயசம் வயிற்றில் இருக்கும்போதே மெழுகு தீர்ந்துவிட்டது. தேன் எடுக்கிறவர்கள் சித்திரைக்கு மேல்தான் மரம் ஏறுவார்கள். அதுவரை புது மெழுகு கிடைக்காது. இருந்ததை வைத்துப் பாதி ஆர்டரைத் தைத்தாயிற்று. மீதிக்கு? திருப்பூரில் பழகிய துணி வியாபாரி ஒருவர், "பூச்சு போட்ட துணியே இருக்குதுங்க. முழுக்க இயற்கை மெழுகு," என்றார். வழவழவென்று அழகாக இருந்தது. இத்தனை வருடம் குறை பார்த்தே பிழைத்தவள், அந்தத் துணியின் ஓரத்தைக்கூடச் சோதிக்கவில்லை. சோதித்தால் தெரிந்துவிடுமோ என்றுதான் சோதிக்கவில்லை. அவசரக்காரிக்குப் புத்தி மட்டு என்று புஷ்பலதா யாரையோ சொல்லிக்கொண்டிருந்தாள். தஸ்லீமா காதில் வாங்கவில்லை.

பட்டறை என்பது கடைவீதிக்கு மேலே சரிவில் இருந்த பழைய காப்பி குடோன். அதில் இரண்டு மரப் பீரோக்கள். ஏதோ எஸ்டேட் பங்களா ஏலத்தில் வாங்கிய இரட்டைப் பிள்ளைகள். பூட்டு துருப்பிடித்து விழுந்து, இரண்டிலும் பூட்டு இருந்த இடத்தில் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. துணிக்குக் காற்று வேண்டுமே என்று தஸ்லீமா அதை அடைக்கவில்லை. மெழுகு தேய்த்த கோட்டுகளை ஒரு பீரோவில் தொங்கவிட்டாள். திருப்பூர்த் துணியில் தைத்தவை இன்னொன்றில்.

பங்குனியில் பூமழை பெய்தது. அது பெய்தால் காப்பிச் செடி முழுக்க ஒரே நாளில் வெள்ளையாகப் பூத்துவிடும்; மலையே மல்லிகைப் பந்தலுக்குள் புகுந்த மாதிரி மணக்கும். அந்த மணத்தில் பட்டறைப் பெண்கள் தைத்துக்கொண்டிருந்தபோது, பம்ப் அடுப்பு பற்றியது போல ஒரு சத்தம். ஜன்னல் இருண்டது. தேனீக் கூட்டம் ஒன்று உள்ளே வந்து, பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றி, மெழுகுக் கோட்டு இருந்த பீரோவின் ஓட்டையில் போய் அப்பிக்கொண்டது. பெண்கள் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு மெஷினுக்கு அடியில் இருந்தார்கள். கல்யாண மண்டபத்துக்குள் சம்பந்தி வீட்டார் போவது போல, நெரிசலும் அவசரமும் இல்லாமல் தேனீக்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. மெழுகு வாடையை ஏதோ ஒரு முன்னோடித் தேனீ மோப்பம் பிடித்துப் போய்ச் சொல்லியிருக்கிறது. பொந்து தயார், உள்ளே மெழுகு மணம், வாடகையும் இல்லை.

"யாரும் கை வெக்காதீங்க," என்றாள் புஷ்பலதா, மெஷினுக்கு அடியிலிருந்து. "தானாத் தேடி வந்து குடியேறுனதை வெரட்டக்கூடாதுங்க அக்கா. எங்கூட்டுல பொந்துத்தேனீ வந்து குந்துன வருசந்தான் எம்மவ பாஸானா."

"அவ படிச்சதால பாஸானா புஷ்பா. உள்ள பாதி ஆர்டர் இருக்குது," என்றாள் தஸ்லீமா.

புஷ்பலதாவின் புருசன் சித்தன் தோட்டத்தில் தேன்பெட்டி வைத்திருப்பவர். வந்து பீரோவில் காதை வைத்துக் கேட்டார். "இப்பத்தான் அடை கட்டுதுங்க. உள்ள குஞ்சு வெச்சிருச்சுன்னா எம்பொட்டிக்கு மாத்திரலாம், குஞ்சை விட்டுட்டுப் போகாதுங்க. இப்பக் கலைச்சா பறந்துரும். நாளைக்கு மழை புடிச்சா அத்தனையும் நனைஞ்சு செத்துப்போயிரும். அமாவாசை கழியட்டுமுங்க," என்றார். அமாவாசை கழிகிறபோது சித்திரை பிறந்து, சரக்கு கிளம்புகிற நாளும் கழிந்திருக்கும்.

விஷயம் ஷேக் தாவூதின் காதுக்குப் போனது. அவர் சரிவேறி வந்து, வாசலுக்கு வெளியிலேயே நின்று பார்த்தார். "கோட்டு விக்கறயா, தேனீக்கு ஊடு வாடகைக்கு உடறயா கண்ணு?" என்றார். "புகையப் போட்டா அஞ்சு நிமிசத்துல போயிரும்." தஸ்லீமா கழுத்துப் பட்டியில் இருந்த வரியை நினைத்தாள். அந்த மலையிலிருந்து வந்த சாட்சாத் மலைவாசிகளே பீரோவுக்குள் இருக்கிறார்கள்; அவர்களைப் புகை போட்டு விரட்டி மழையில் சாகவிட்டு அந்த வரியைத் தைத்து அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. சரி, தயாராக இருக்கிற மறு பாதியை முதலில் அனுப்பிவிட்டு, பீரோக்காரர்கள் காலி செய்ததும் மிச்சத்தை அனுப்பலாம் என்று முடிவு செய்தாள். ஹரிஹரனும் போனில் ஒத்துக்கொண்டார். சாதிக் பாஷா வேனைக் கழுவி வைத்தார்.

சரக்கு கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின மதியம், பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். தஸ்லீமா தனியாக உட்கார்ந்து தேனீக்களின் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. இரண்டு பீரோவும் ஒரே மரம், ஒரே ஓட்டை, ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. இடது பீரோவில் சந்தைக்கூட்டம். வலது பீரோவின் ஓட்டைக்கு எப்போதாவது ஒரு தேனீ தடம் மாறி வரும், விளிம்பில் ஒரு கணம் நிற்கும், திரும்பிவிடும். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வரும். அதுவும் திரும்பிவிடும்.

தேனீயை வைத்து ஜோசியம் பார்ப்பதா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். எழுந்துபோய்த் தேநீர் வைத்துக் குடித்தாள். மனம் ஆறவில்லை. வெட்டி மிஞ்சிய துணிக் குவியலில் திருப்பூர்த் துணித் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து, வாசலுக்கு வந்து, தீக்குச்சியைக் கிழித்து அதன் ஓரத்தில் வைத்தாள். தேன்மெழுகு என்றால் உருகி, விளக்கு அணைத்த வாசம் வர வேண்டும். இது கரும்புகை விட்டுச் சுருண்டது. நுனியில் கறுப்பாக ஒரு உருண்டை திரண்டு சொட்டியது.

மகளுக்கு மதியச் சாப்பாட்டைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு சரிவேறி வந்துகொண்டிருந்த ஷேக் தாவூத், மூக்கைச் சுளித்தார். "ஏங்கண்ணு, நம்ம கடைக் கோட்டை எதுக்கு எரிக்கற? அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார்.

அவர் கேலியாகச் சொல்லவில்லை. ஆயுள் முழுக்க அந்தச் சரக்கோடு வாழ்ந்தவர். நிஜமாகவே தன் கடைக் கோட்டு என்றுதான் நினைத்தார். தஸ்லீமாவுக்கு அவமானத்தில் காது சுட்டது. திருப்பூர் வியாபாரியின் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம் பெரிது. வாசற்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

ஷேக் தாவூத் போசியைக் கீழே வைத்தார். வியாபாரி என்றாலும் அத்தா அல்லவா, மகள் அழுதால் கணக்கெல்லாம் மறந்துவிடும். "அழுகாத கண்ணு. கோட்டு நல்லாத்தான் இருக்குது, மழைக்கு நனையாது. அனுப்பி உட்டுரு. பெங்களூருக்காரன் எரிச்சா பாக்கப்போறான்? யாருக்குத் தெரியும்? தேனீயா வந்து சாட்சி சொல்லப்போகுது?" என்றார்.

"சொல்லிருச்சுங்கத்தா," என்றாள் தஸ்லீமா.

ஷேக் தாவூத் உள்ளே எட்டிப் பார்த்தார். இடது பீரோ இரைந்துகொண்டிருந்தது. வலது பீரோ கம்மென்று இருந்தது. போசியைத் திறந்து சோற்றைப் பிசைந்து, சின்ன வயசில் கொடுத்தது போல ஒரு வாய் உருட்டிக் கொடுத்தார். அவள் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஹரிஹரனுக்குப் போன் போட்டாள். துணி ஏமாற்று, அதைத் தான் சோதிக்காமல் விட்டது, உண்மையான சரக்கு தேனீக்களின் வசம் இருப்பது, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள்.

"தேனீயா?" என்றார் ஹரிஹரன். "மேடம், சரக்கு லேட்டுன்னா லேட்டுன்னு சொல்லுங்க. பாட்டி செத்துட்டாங்கன்னு சொல்றவனைப் பாத்திருக்கேன். தேனீ எனக்குப் புதுசு. நாளைக்கு நானே வர்றேன்."

வந்தார். வழியெல்லாம் சாரல், தை மாதம் சாம்பிளாக வாங்கிப்போன மெழுகுக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். முகத்தில் கடுகு போட்டால் பொரியும். விறுவிறுவென்று பட்டறைக்குள் நுழைந்தார், பீரோவின் முன்னால் போய் நின்றார். அவ்வளவுதான். ஏழெட்டுத் தேனீக்கள் பீரோவிலிருந்து இறங்கி வந்து அவர் தோளில் உட்கார்ந்தன. இன்னும் கொஞ்சம் வந்து முதுகில் உட்கார்ந்தன. ஒன்று காலருக்கு வந்து கழுத்துப் பட்டியைப் படிப்பது போல மேலும் கீழும் நடந்தது. ஹரிஹரன் கண்ணை மட்டும் உருட்டினார்.

"அசையாம நில்லுங்க சார்," என்றார், பீரோவைப் பார்க்க வந்திருந்த சித்தன். "நம்ம ஊடுதானான்னு மோந்து பாக்குதுங்க. பாத்துட்டுப் போயிருமுங்க."

மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன. ஹரிஹரன் நாற்காலியைத் தேடினார்; தஸ்லீமா இழுத்துப் போட்ட முக்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். தஸ்லீமா தண்ணீரைக் கொடுத்து, அவர் போட்டிருந்த கோட்டைக் கழற்றி வாங்கி வைத்துவிட்டு, வலது பீரோவைத் திறந்து, வழவழப்பான கோட்டு ஒன்றை எடுத்து அவர் தோளில் போட்டாள். அதோடும் இடது பீரோ முன் நின்று பார்க்கச் சொன்னாள். நின்றார். ஒரு தேனீ வந்தது. அருகில் வரைக்கும் வந்து திரும்பிப் போனது. ஹரிஹரன் கோட்டைக் கழற்றி மடித்து அவளிடம் கொடுத்தார்.

அவர் ஒன்றும் தர்மப் பிரபு அல்ல, வியாபாரி. பாதி ஆர்டரை அங்கேயே ரத்து செய்தார். "பீரோவுல இருக்கறது மட்டும் போதும். எப்ப காலியாகுதோ அப்ப அனுப்புங்க. அது நல்லாப் போச்சுன்னா அடுத்த வருசத்துக்குப் பேசலாம்," என்றார். தஸ்லீமாவுக்குப் போன உயிர் பாதி திரும்பியது. மீதிப் பாதி அந்தப் பிரம்பு நாற்காலியிடம் மாட்டிக்கொண்டிருந்தது. பெரிய ஆர்டர் வந்து நின்றால் என்றுதானே பேச்சு? வந்தது, நிற்கவில்லையே. பாதிதானே நின்றது. திருப்பூர் வியாபாரி துணியைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார். போட்ட முதல் அத்தனையும் வலது பீரோவில் தொங்கியது.

அன்று மாலை ஷேக் தாவூத் வந்து வலது பீரோவைத் திறந்தார். எல்லாக் கோட்டுகளையும் சாதிக் பாஷாவின் வேனில் ஏற்றினார். கழுத்துப் பட்டிகளைப் பிரித்து எடுத்துவிடும்படி புஷ்பலதாவிடம் சொன்னார். "பிளாஸ்டிக் விக்கறது என்ற தொழிலு. அதை எங்கிட்ட உட்டுரு," என்றார் மகளிடம்.

அமாவாசை கழிந்தது. சித்தன் சாயங்காலம் வந்து, மெல்லப் பீரோவைத் திறந்து, கோட்டுகளுக்கு நடுவே தொங்கிய அடைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் பெட்டியில் வாழைநாரால் கட்டினார். ராணித் தேனீ உள்ளே போனதும் மற்றவை பின்னாலேயே போய்விட்டன. கோட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டொன்றின் கைகளில் தேன் பட்டிருந்தது. சரக்கு பெங்களூருக்குப் போனது. தேன்பெட்டியை புஷ்பலதா பட்டறை வாசலிலேயே வைக்கச் சொல்லிவிட்டாள்.

வாக்கு வாக்குதான் என்று, மறுநாள் காலை தஸ்லீமா சரிவிறங்கிக் கடைக்குப் போனாள். கடை முகப்பில் மஞ்சளும் ரோஸும் இல்லை. திருப்பூர்க் கோட்டுகள் வரிசையாகத் தொங்கின. அவற்றுக்கு மேலே அட்டையில், அத்தாவின் கோணல் கையெழுத்தில், 'இது பிளாஸ்டிக் பூசியது. பொய் சொல்ல மாட்டோம். கிழிந்தால் ஏரியில் போடாதீர், இங்கே கொண்டு வாரும், என் மகள் தைத்துத் தருவாள்' என்று எழுதியிருந்தது. ஒரு சுற்றுலாக்காரர் அதைப் படித்துவிட்டு, அப்படியானால் பிளாஸ்டிக் பூசாதது எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"மேல போங்க சார். வாசல்ல தேனீப் பொட்டி இருக்குமுங்க, அந்தப் பட்டறை," என்றார் ஷேக் தாவூத். வந்த கிராக்கியைத் தன் கையாலேயே மேலே அனுப்பிவைத்தார்.

தஸ்லீமா கல்லாப்பக்கம் பார்த்தாள். நாற்காலியைக் காணோம்.

"அத்தா, நாற்காலி?"

"காலையிலயே சாதிக்கிட்டக் குடுத்து உட்டுட்டேன். பெங்களூர்க்காரன் வந்தப்ப உக்காரவெக்க உங்கிட்ட ஒரு நல்ல நாற்காலி இல்லியாமா, முக்காலியத்தான் போட்டியாமா. சித்தன் சொன்னாப்டி," என்றார் ஷேக் தாவூத், கோட்டுகளை நேராக்கிக்கொண்டே. "கம்பெனின்னா ஒரு நாற்காலி வேணுமல்ல கண்ணு. போ, ஆளுங்க காத்துட்டு இருப்பாங்க."